அகலம் குறைந்தவர்

கோகிலவாணிக்குத் தன் வேலைமேல் வெறுப்பு கிடையாது, அலுப்புதான். வெறுப்பாக இருந்திருந்தால் யாரிடமாவது சண்டை பிடித்து ஒரு வழி பண்ணியிருப்பாள். அலுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோயம்புத்தூரின் கிழக்குக் கோடியில், மூடிப்போன ஒரு பஞ்சாலையின் தொழிலாளர்களுக்காகக் கட்டிய காலனியில் இருந்தது அவளுடைய கிளை நூலகம். வருகிறவர்கள் கேட்கிற ஒரு புத்தகத்தோடு கேட்காத மூன்றையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்டி அனுப்புவதுதான் இப்போது நூலகர் உத்தியோகம். அந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பதுகூட அவள் இல்லை. மேசைமேல் இருந்த திரைதான்.

அதற்குக் கலவை என்று பெயர். சமையல் புத்தகம் கேட்டால் கூடவே விண்கற்கள் வரும். துப்பறியும் கதை கேட்டால் மண்புழு உரம் வரும். ஆரம்பத்தில் காலனி ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். பிறகு அரசாங்கம் அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. ஒருவர் எத்தனை விதமாகப் படிக்கிறார் என்று சொல்லும் எண். அதன் பெயர் அகலம். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரு மின்னணுச் சில்லு வைத்துத் தைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் எப்போது புரண்டது என்று அது திரைக்குச் சொல்லிவிடும். புத்தகத்தைச் சீலிங் ஃபேனுக்கு அடியில் விரித்து வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. விரல் எது, காற்று எது என்று சில்லு கொஞ்ச நாளில் கற்றுக்கொண்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு அகலத்தையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அது வரைக்கும் கேலிக்கூத்துதான். மறதி நோய் வருவதற்கு முன்னால் மனுஷனின் வாசிப்புதான் முதலில் சுருங்குகிறது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு நிலைமை மாறியது. அகலம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அவர் 'துணை வேண்டியவர்'. துணை வேண்டியவர் தனியாகக் குடியிருக்கக் கூடாது. பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அரவணைப்பு இல்லம். காலனியின் வீடுகள் அரசாங்க வாடகை வீடுகள் என்பதால் சாவியை மறுநாளே வாங்கிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கத் துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொடாத சுலோச்சனா டீச்சர் போன வருஷம் அப்படித்தான் போனார். திரை 'ஒப்புதலா?' என்று கேட்டது, கோகிலா பொத்தானை அமுக்கினாள். வேலை மும்முரத்தில் பேரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

இன்றைக்குக் காலையில் திரை கேட்ட பெயரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளிங்கிரி.

வெள்ளிங்கிரி சாதாரண வாசகர் இல்லை. மாவட்டத்திலேயே அகலமான கார்டு அவருடையது. திட்டம் தொடங்கியபோது, நல்ல மனநலமுள்ள வாசிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் கார்டைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். குடும்ப நாவல், ஜோசியம், மோட்டார் ரிப்பேர், பௌதிகம், பயணக் கட்டுரை, கத்தரிக்காய் ரகங்கள். எல்லாம் கலந்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது மனுஷன் மைக்கைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார். கீழே முதல் வரிசையில் அவர் மனைவி சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கோகிலாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரசு இறந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. அதிலிருந்து அந்தக் கார்டில் ஒரே ஒரு புத்தகம்தான். பச்சை அட்டை போட்ட ஒரு பழைய குடும்ப நாவல். திரும்பத் திரும்ப அதையே புதுப்பிக்கிறார். கலவை கொடுக்கும் மூன்றையும் கட்டுப் பிரிக்காமல் கொண்டுவந்து வைக்கிறார். திரை சிவப்பாக எழுதியிருந்தது: ஒரே பக்கத்தில் நாட்கணக்கில் நிற்கிறார், புரட்டிய பக்கத்துக்கே மறுபடி போகிறார், கடுமையான சுருக்கம், ஒப்புதலா?

கோகிலா திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் அவரே வந்தார். எழுபதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மஞ்சள் பை. பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னொருக்கா எழுதிக் குடுத்துருங்க அம்மிணி."

"அண்ணா, உக்காருங்க. ஒரு விஷயம் பேசோணும்."

"நின்னுக்கறனுங்க."

"வேற ரெண்டு புத்தகமாச்சு எடுத்துட்டுப் போங்க. சும்மா புரட்டிப் பாத்துட்டுக் கொண்டாந்து குடுங்க, போதும். இல்லைன்னா வர்ற வாரம் ஆபீசர் வருவாங்க. உங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு எழுதிருவாங்க."

"எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

"எனக்குத் தெரியுமுங்கண்ணா. அதுக்குத் தெரியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க. பொண்ணுகிட்டப் போறீங்களா, இல்லத்துக்குப் போறீங்களான்னு கேப்பாங்க."

வெள்ளிங்கிரி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

"சரசு இருந்த வீடுங்க அது," என்றார். "அடுப்படிச் செவுத்துல அவ கை வெச்சு வெச்சு ஒரு இடம் கறுத்துப்போயிருக்குது. வெள்ளை அடிக்கக்கூட நான் விடலைங்க. அங்கிருந்து எங்க போறதுங்க?"

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. ஏன் இந்த ஒரே புத்தகம்?"

அவர் பச்சை அட்டையைத் திறந்து, அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துவிட்டு, ஒரு வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தார்.

"இது என்னங்க அம்மிணி? ரெண்டு நாளா இங்கியே முட்டிக்கிட்டு நிக்கறனுங்க."

"சௌகரியம்," என்றாள் கோகிலா.

"ஆ, சௌகரியம். அதானே பாத்தேன்." உதடு அசைய அந்த வாக்கியத்தை முதலிலிருந்து கூட்டிப் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். முடித்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கோகிலா அந்த விரலையே பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு..."

"மூணாங்கிளாசோட பஞ்சாலைக்குப் போயிட்டனுங்க. பஸ் போர்டு படிப்பேன், பேரு எழுதுவேன். புத்தகமெல்லாம் சரசும், எம்பட பொண்ணு பாப்பாவும், அப்ப எங்ககூட இருந்த மச்சானுந்தான். எங்கூட்ல மூணு பேரும் படிப்பாங்க. நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில வாங்கிட்டுப் போவேன், குடுத்துட்டுப் போவேன். பையைத் தூக்கறது என் வேலைங்க." கொஞ்சம் வெட்கப்பட்டார். "பொன்னாடை போத்தறப்பவே சொல்லியிருக்கோணும். அவ வேண்டாம்னுட்டா. போட்டா போத்திக்குங்க, உங்களுக்கு நல்லாத்தான் இருக்குதுன்னு சிரிச்சா."

வீட்டுக்கு ஒரு கார்டு என்பது அந்தக் காலனியின் வழக்கம். குடும்பத் தலைவர் பெயரில் போடுவார்கள், ரேஷனுக்கும் கேஸுக்கும் போடுவதுபோல. தலைவர் படிக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. கோகிலாவும் கேட்டதில்லை. திரை வந்தபோது அதற்கு யாரும் இதைச் சொல்லவும் இல்லை. அது பாட்டுக்கு ஒரு கார்டு என்றால் ஒரு மூளை என்று எடுத்துக்கொண்டது.

உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் அவள் நம்பினாள்.

வாசிப்பு நல அலுவலர் நஸ்ரின், கோகிலா போன் பண்ணிக் கூப்பிட்டதால், மறுநாளே வந்தாள். முப்பது வயதுக்குச் சற்று மேல். நல்ல பெண், எப்போதும் தூக்கம் போதாத கண். கோகிலா டீ வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நஸ்ரின் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்போ அவரோட சொந்த அகலம் என்னக்கா?"

"சொந்தம்னா... ஒரு புத்தகம். அதுவும் பாதி."

"அந்த எண்ணைப் போட்டா இன்னும் மோசம். மேல இருந்து இறங்கினவர்னா சிகிச்சை கிகிச்சைன்னு நாள் கடத்தலாம். எப்பவுமே இவ்வளவுதான்னா நேரா இல்லம்தான். மெஷின் கேக்கறது ரெண்டே கேள்வி. இறங்கிட்டாரா, இல்ல எப்பவுமே கீழயா? ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான்."

"அவரு ஏறிட்டிருக்காரும்மா. ஒண்ணுமே இல்லாத எடத்துலருந்து ஒரு புத்தகத்துக்கு வந்திருக்காரு. அதைச் சொல்ல அதுல எடமில்லையா?"

"இல்லை," என்றாள் நஸ்ரின்.

"அப்ப அளவே தப்பு. மூணு பேர்த்தைச் சேத்து ஒரு ஆளுன்னு நெனச்சுட்டு, அந்த ஆளு மாதிரி இல்லைன்னு ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் அனுப்பியிருக்கோம். அப்படி ஒரு மனுஷன் பொறக்கவே இல்லை. நம்ம டீச்சர் போனாங்களே, அவங்களுக்கு என்ன கேடு? நான்தான் பட்டனை அமுக்கினேன்."

நஸ்ரின் டீயைக் கீழே வைத்தாள். ஆடை படிந்துவிட்டது, அவள் குடிக்கவில்லை.

"இது நெசம்னா மாவட்டத்துல அனுப்பின அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வரணும்க்கா. அவங்க வீட்டுல எல்லாம் வேற ஆளு குடி வந்தாச்சு. தப்புன்னு யாரு எழுதுவா? மேல இருக்கறவங்களா? நானா?" கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "என்னைப் பெத்த அத்தாவை நான்தான் அனுப்பினேன். அவர் பேப்பர் மட்டும்தான் படிப்பார். ஆபீசர் வீட்டுலயே இப்படின்னு பேச்சு வரக்கூடாதுன்னு முதல் பட்டியல்லயே போட்டேன். இப்ப நீங்க வந்து அளவு தப்புங்கறீங்க."

கோகிலாவுக்குக் கோபப்படலாம் என்றால் எதிரில் இருக்கிறவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போகும்போது வாசற்படியில் நின்று நஸ்ரின் சொன்னாள்: "ஒரு மாசம் தள்ளி வைக்கறேன். அதுக்குள்ள எண் ஏறிடுச்சுன்னா நான் எதையும் கேக்க மாட்டேன். பக்கம் யாரு புரட்டினாங்கன்னு சில்லுக்குத் தெரியாது."

ஆக, மிச்சம் இருந்தது ஒரே வழி. வெள்ளிங்கிரி தன் பச்சை அட்டையோடு நிம்மதியாக முட்டிக்கொண்டு இருக்க வேண்டுமானால், அந்தக் கார்டிலாவது சரசு சாகாமல் இருக்க வேண்டும்.

கோகிலா அலமாரிகளுக்கு நடுவே நின்றாள். இத்தனை வருஷமாகத் திரை சொன்னதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கைக்கு, தானாக ஒரு புத்தகத்தை உருவத் தயக்கமாக இருந்தது. சரசு என்ன கேட்பாள்? அவள் நேரில் வந்தது குறைவு. வெள்ளிங்கிரி வந்து நின்று, "வூட்ல கேட்டாங்க, யாரோ ஒருத்தி தனியா மலை ஏறினாளாம், அது வேணுமாமுங்க" என்று சொல்வார். ஒருவாட்டி, "அழுகாச்சியா வேண்டாமாம், ஆனா லேசா அழுகை வரோணுமாம்" என்று கேட்டு வாங்கிப் போனார். கோகிலா அப்போது வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ.

மலை ஏறிய பயணக் கட்டுரை ஒன்று எடுத்தாள். பழைய டிராம் வண்டிகளைப் பற்றி ஒன்று. லேசாக அழுகை வருகிற நாவல் ஒன்று. மூன்றையும் வெள்ளிங்கிரியின் கார்டில் பதிந்து, தன் பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சும்மா புரட்டினால் போதும் என்றுதான் நினைத்தாள். சில்லு ஏமாறவில்லை. இந்த வேகத்தில் மனிதர்கள் படிப்பதில்லை என்று திரை திருப்பி எழுதியது. அதனால் உட்கார்ந்து படிக்க வேண்டியதாகிவிட்டது. நூலகத்தில் இருந்துகொண்டு, ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தால் அவளுக்கே கூச்சமாக இருந்தது. சோறு வடித்துக்கொண்டே டிராம் படித்தாள். பஸ்ஸில் நாவல் படித்தாள். கண் எரிந்தது, கழுத்து வலித்தது. நாவலின் நடுவில் ஓரிடத்தில், சரசு கேட்டதுபோலவே, லேசாக அழுகையும் வந்தது. அது யாருக்கான அழுகை என்று அவளுக்குப் புரியவில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

எண் ஏறியது. மெல்ல ஏறி, மாத முடிவில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கோகிலா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி இறங்கும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

நஸ்ரினிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மேல ஒரே கொண்டாட்டம். இவ்வளவு கீழ போனவர் இப்படி ஏறி யாரும் பாத்ததில்லையாம். அவரோட கலவை எதுவோ அதையே எல்லா இல்லத்துக்கும் மருந்தா அனுப்பச் சொல்லிட்டாங்க."

"என்னத்தை அனுப்பறாங்க?"

"நீங்க எடுத்ததைத்தான். டிராம், மலை, நாவல், எல்லாம். எங்க அத்தாவுக்கும் குடுத்திருக்காங்க."

கோகிலா கையில் இருந்த புத்தகத்தை மூடினாள். ஓர் இறந்தவளுக்காகத் தான் குத்துமதிப்பாக எடுத்த புத்தகங்களை, எங்கெங்கோ கட்டில்களில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகும் ஆசையில் எத்தனையோ பேர் புரட்டிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள்.

"அத்தா படிக்கிறாராம்மா?"

"பேப்பர்தான் கேக்கறாராம்," என்றாள் நஸ்ரின். உடனே போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே வெள்ளிங்கிரி வந்தார். பச்சை அட்டையை மேசையில் வைத்தார். உள்ளே பஸ் டிக்கெட் இல்லை.

"முடிச்சுட்டனுங்க," என்றார்.

"எப்படி இருந்துச்சுங்கண்ணா?"

"அந்தப் பையன் கடைசி வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லைங்க. பக்கத்துலயே இருந்துட்டு. மடையனுங்க அம்மிணி, சுத்த மடையன்." கோபமாகவே சொன்னார். பிறகு கார்டை நீட்டினார்.

கோகிலா கார்டைத் திரையில் வைத்தாள். வழக்கம்போல அடுத்த கலவை வரிசையாக வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் வெள்ளிங்கிரி அந்தத் திரையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை, பார்த்து ஆவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. இன்றைக்குக் குனிந்தார். விரலை வைத்துக் கூட்டினார்.

"கடல்... ஆமை... களின்... பய... பயணம்." அடுத்ததையும் கூட்டினார். மூன்றாவது ஒரு கதைப் புத்தகம், மலையோரத்தில் ஒரு பெண் தனியாகப் பலகாரக் கடை வைக்கிற கதை. அதையும் முடித்துவிட்டு நிமிராமல் அப்படியே நின்றார்.

"இதெல்லாம் சரசு கேக்கறாப்புலயே இருக்குதுங்களே."

கோகிலா திரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

"இதுக்கு அவளைத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கண்ணா. இன்னும் இருக்கறாங்கன்னுதான் நெனச்சுட்டு இருக்குது." கார்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நான்தான் அப்படி நெனைக்க வெச்சேன். வீடு போயிரக் கூடாதுன்னு. அவங்க பங்குப் புத்தகத்தை நான் கொண்டுபோய்ப் படிச்சுட்டு இருக்கறேன்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு நீங்க நெனச்சா, உண்மையைச் சொல்லி எழுதிப்போடறேன்," என்றாள்.

"எதுக்குங்க? அது பாட்டுக்கு அவளுக்கு எடுத்து வெக்கட்டும்." ஆமைகள் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இதை மட்டும் எனக்குக் குடுங்க."

"உங்களுக்கு இது பிடிக்குமுங்களா?"

"எனக்கு என்னங்க தெரியும்? அவ தினமும் ஒண்ணைப் படிச்சு முடிச்சுட்டு வந்து என்ன கதைன்னு சொல்லுவாளுங்க. சோத்தைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்துட்டுச் சொல்லுவா. நானும் தலையைத் தலையை ஆட்டுவேன். ஷிப்ட் அலுப்பு. ஒரு வார்த்தை காதுல வாங்கினதில்லைங்க." வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தவாட்டி கேட்டுடறனுங்க."

கோகிலா உள்ளே போய் ஆமைப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மீதி இரண்டையும் அவள் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சரசுவுக்காகப் படிக்க வேண்டியிருந்தது.